ஏறாத நேரம்

பாறை ஏறப் போகிறேன் என்று சொன்னால் கேட்பவர் மனதில் உடனே ஒரு காட்சி வந்துவிடுகிறது. செங்குத்தான மலைமுகம், ஒற்றைக் கையில் தொங்கும் ஆள், கீழே அதலபாதாளம். 2017 ஜூனில் அலெக்ஸ் ஹொனால்ட் அமெரிக்காவின் எல் கேப்பிட்டன் மலைச்சுவரைக் கயிறில்லாமல் ஏறினார். அதைப் பற்றிய ஆவணப்படம் ஆஸ்கரும் வாங்கிவிட்டதால் இந்தக் காட்சியை யார் மனதிலிருந்தும் இனி அழிக்க முடியாது. நான் ஏறுவது மிஞ்சிப்போனால் நாலு மீட்டர். அதிலும் ஏறுவது கொஞ்ச நேரம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை முழுக்கப் பாறையடியில் கழித்துவிட்டு வந்து, கைகால் கல்லில் பட்ட நேரத்தை மட்டும் கூட்டினால் கால்மணி நேரம் தேறாது. மீதி நேரமெல்லாம் உட்கார்ந்திருப்பதுதான். நாற்பதைத் தாண்டிய வயதில் இந்தப் பழக்கம் என்னைப் பிடித்துக்கொண்டதற்கு அந்த மீதி நேரம்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

போல்டரிங் என்று பெயர். கயிறு, இடுப்பு வார், கொக்கி எதுவும் கிடையாது. தனித்து நிற்கும் குண்டுப்பாறை, அடியில் விரிக்க மெத்தை, பிடிப்பான ரப்பர் ஷூ, கையில் பூச வெள்ளைப் பொடி, அவ்வளவுதான். இதைத் தனி விளையாட்டாக வளர்த்தவர்களில் இருவரை எனக்குப் பிடிக்கும். ஒருவர் பியேர் அலேன். பாரிஸுக்குத் தெற்கே ஃபோந்தேன்ப்ளோ காட்டில் மணற்கல் பாறைகள் சிதறிக் கிடக்கின்றன. 1930களில் ஆல்ப்ஸுக்குப் போக முடியாத வார இறுதிகளை அலேனும் நண்பர்களும் அங்கே கழித்தார்கள். இன்று நாங்கள் போடும் வழவழப்பான அடி கொண்ட ஷூவுக்கு மூதாதை அவர் செய்த ஷூதான். இன்னொருவர் ஜான் கில். ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்கள் கையில் பூசும் மக்னீசியம் கார்பனேட் பொடியை 1950களில் பாறைக்குக் கொண்டுவந்தவர், பின்னாளில் கணிதப் பேராசிரியர் ஆனவர். இங்கே ஒவ்வொரு ஏற்றத்தையும் ப்ராப்ளம் என்றே சொல்கிறார்கள். கணக்கு வாத்தியார் ஒருவர் இதில் முன்னோடியாக இருந்தது எனக்கு வியப்பாக இல்லை.

புதுக்கோட்டையிலிருந்து வந்திருந்த அம்மாவை ஒருநாள் காலை துரஹள்ளிக்கு அழைத்துப் போனேன். பெங்களூரின் தெற்கு விளிம்பில், பனசங்கரி தாண்டி இருக்கும் சின்னக் குன்று அது. ஊரில் பாறை ஏறப் பழகியவர்கள் பலருக்கும் முதல் கல் அங்கேதான். நானும் இரண்டு பையன்களும் ஒரு பாறையின் முகப்பில் மாறி மாறி விழுந்துகொண்டிருந்ததை அம்மா பொறுமையாகப் பார்த்தாள். பிறகு எழுந்து அந்தப் பாறையை ஒருமுறை சுற்றிவந்தாள்.

“ஏத்தா, பின்னாடி சரிவாத்தான இருக்கு? செருப்பக் கழட்டிட்டு நடந்தே ஏறிறலாமே?”

ஏறலாம்தான். நாங்கள் இறங்கி வருவதே அந்த வழியாகத்தான். உச்சியை அடைவது நோக்கமாக இருந்தால் அம்மா சொன்னதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்லிவிட முடியாது. உச்சியில் ஒன்றும் இல்லை, காய்ந்த பறவை எச்சம் இருக்கிறது. அம்மாவிடம் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை. அவள் பதிலை எதிர்பார்க்கவும் இல்லை. பின்பக்கமாக ஏறிப்போய் உட்கார்ந்து, மேலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் தொடங்கியது பாறையில் அல்ல, நகருக்குள் இருக்கும் ஒரு உள்ளரங்கச் சுவரில். பச்சை, மஞ்சள், ஊதா என்று பிளாஸ்டிக் பிடிகள் திருகியிருப்பார்கள். ஒரே நிறத்தைப் பிடித்துக்கொண்டே மேலே போக வேண்டும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கையால்தான் ஏறுவார்கள். உடற்பயிற்சிக்கூடத்தில் வளர்த்த புஜங்களோடு வரும் இளைஞர்கள் நாலு பிடி இழுத்ததும் தொங்கிப்போவதும், பக்கத்தில் ஒல்லியான பத்து வயதுப் பிள்ளை சுவரில் ஒட்டிக்கொண்டே ஏறிப் போவதும் அங்கே அன்றாடக் காட்சி. அந்தப் பிள்ளை காலால் ஏறுகிறது. பெருவிரல் நுனியைச் சரியான இடத்தில் வைத்து, இடுப்பைச் சுவரோடு சேர்த்து, எடையைக் காலுக்கு மாற்றிவிட்டால் கைக்கு வேலை பாதியாகிவிடும். இதைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். உடம்பு புரிந்துகொள்ள எடுக்கும் காலம் வேறு.

கைக்கும் ஒரு கதை இருக்கிறது. விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலுக்குள் இல்லை, முழங்கைக்குக் கீழே முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நீளும் தசைநாண்கள்தான் விரலை இழுக்கின்றன. சின்ன விளிம்பை இறுகப் பிடிக்கும்போது முன்கைத் தசை தனக்கு வரும் ரத்தக் குழாய்களையே நெரித்துக்கொள்கிறது. கொஞ்ச நேரத்தில் முன்கை கல்லாக விறைத்து, விரல் தானாகத் திறந்துகொள்ளும். தசை சில மாதங்களில் பலம் பெற்றுவிடும்; தசைநாணும், அதை எலும்போடு சேர்த்துப் பிடித்திருக்கும் வளையங்களும் பின்தங்கியே வரும். புதிதாக வந்தவர்களில் உற்சாகம் மிகுந்தவர்களின் மோதிர விரல் முதலில் கேடாவது அதனால்தான். நாற்பதுக்கு மேல் தொடங்குகிறவர்களுக்கு இந்த ஆபத்து சற்றுக் குறைவு என்பது என் சொந்தக் கருத்து. எங்களுக்கு உற்சாகத்தைவிடப் பயம் அதிகம்.

உட்கார்ந்திருப்பது சோம்பேறித்தனம் அல்ல என்பதற்கும் இதிலேயே நியாயம் இருக்கிறது. ஒரு கடினமான முயற்சி பல சமயம் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதில் தசை செலவழிப்பது உடனடிச் சக்திக்காக அது வைத்திருக்கும் சிறு கையிருப்பை. அது மீண்டும் நிரம்பச் சில நிமிடங்கள் ஆகும். தோலும் ஆற வேண்டும், வியர்த்த விரல் காய வேண்டும். காத்திருக்காமல் மறுபடி பாய்கிறவர் முன்பைவிடக் கீழேயே விழுவார். ஆகவே அனுபவசாலிகள் அடித்துப் பிடித்து ஏறுவதில்லை. விழுகிறார்கள், ஷூவைக் கழற்றுகிறார்கள், உட்கார்கிறார்கள்.

அப்படி உட்காரும் மெத்தைதான் எனக்குப் பாட்டி வீட்டுத் திண்ணை. யார் வேண்டுமானாலும் வந்து ஒண்டிக்கொள்ளலாம். வேலை என்ன, சம்பளம் என்ன என்று யாரும் கேட்பதில்லை. பேச்சு மட்டும் ஓயாது. பேச்செல்லாம் பாறையைப் பற்றித்தான். வலதுகைப் பிடியில் கட்டைவிரலை எங்கே வைப்பது, இடது காலை எடுத்துவிட்டால் உடம்பு கதவு திறப்பதுபோல் சுழன்றுவிடுமா, அந்த வெள்ளைப் புள்ளி பிடிதானா அல்லது யாரோ பொடிக்கையை வீணாகத் துடைத்த இடமா. ஏறும் முறைக்கு பீட்டா என்று பெயர். ஒரே பாறைக்கு ஆளுக்கொரு பீட்டா. ஆறடி ஆள் எட்டிப் பிடிக்கும் இடத்துக்கு ஐந்தடி இருக்கும் நான் காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, அதன்மேல் உட்கார்ந்து எழுந்துதான் போக வேண்டும். “அக்கா, அது உங்களுக்கு ஒத்து வராது, நீங்க வேற மாதிரி போங்க” என்று ஒரு கல்லூரிப் பையன் சொன்னபோது எனக்கு வருத்தமே வரவில்லை. வேறு எங்கே ஒரு இருபது வயதுக்காரன் என் உடம்பின் அளவை இவ்வளவு அக்கறையாக யோசித்து, எனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுக்கப் போகிறான்?

உச்சத்தில் இருப்பவர்களிடமும் இந்தப் பேச்சு உண்டு. உலகக் கோப்பைப் போட்டிகளில் இறுதிச் சுற்றுக்கு முன்னால் போட்டியாளர்கள் எல்லாரையும் ஒன்றாக அழைத்துவந்து ஒவ்வொரு சுவரையும் பார்க்கச் சில நிமிடங்கள் கொடுக்கிறார்கள். சற்று நேரத்தில் ஒருவரையொருவர் தோற்கடிக்கப் போகிறவர்கள் கூடி நின்று, காற்றில் கையை அசைத்து, இப்படிப் போகலாமா அப்படிப் போகலாமா என்று ஆலோசிக்கிறார்கள். டோக்கியோவிலும் பாரிஸிலும் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஸ்லொவேனியாக்காரி யானியா கார்ன்பிரெட்டும் அந்தக் கூட்டத்தில் நிற்பார். போட்டிக் காணொளிகளில் மற்றவர்கள் ஓட்டிவிடும் இந்தப் பகுதியைத்தான் நான் தேடிப் பார்ப்பேன்.

பார்ப்பது மட்டுமே எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஃபின்லாந்தின் ஒரு சின்னப் பாறை சாட்சி. நாலே மீட்டர். நல்லே ஹுக்கதைவல் என்பவர் அதோடு சில ஆண்டுகள் மல்லுக்கட்டி 2016இல் ஏறினார். அதற்கு முன் எந்தப் பாறைக்கும் கொடுக்கப்படாத வி17 என்ற கடினம் அதற்குக் கொடுக்கப்பட்டது. பிறகு பல ஆண்டுகள் அதை யாராலும் ஏற முடியவில்லை. பிரிட்டனின் வில் போசி, அந்தப் பாறையை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து உருவாக்கிய பிடிகளைச் சுவரில் பொருத்திப் பழகி, 2023இல் ஏறினார். பாறை ஒரு நாட்டில், அதன் முகம் மட்டும் இன்னொரு நாட்டில்!

எனக்கு வி3 வந்தாலே திருவிழா. இந்த எண் வரிசை 1991இல் டெக்ஸாஸ் மாநிலத்து ஹுவெக்கோ டேங்க்ஸ் பாறைகளுக்கு ஜான் ஷெர்மன் எழுதிய வழிகாட்டி நூலோடு வந்தது. பயனுள்ள ஏற்பாடுதான், ஆனால் மெத்தையில் நடக்கும் பேச்சைக் கெடுப்பதும் இதுதான். பாறையைப் பார்ப்பதை விட்டுவிட்டு எண்ணைப் பார்க்கும் கூட்டம் வந்துசேர்ந்தால் நான் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு அடுத்த கல்லுக்குப் போய்விடுவேன்.

டிசம்பர் வந்தால் ஹம்பி. துங்கபத்திரைக்கு வடகரையில் ஆனெகுந்தி, சணாபுரம் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை குண்டுப்பாறைகள்தான். 2003இல் வந்த ‘பில்கிரிமேஜ்’ படத்தில் கிறிஸ் ஷர்மா இங்கே ஏறிக் காட்டிய பிறகு உலகத்தின் நாலா மூலையிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அவர்கள் தங்கிவந்த விருபாபுர கட்டித் தீவின் விடுதிகளை, உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2020இல் இடித்துவிட்டார்கள். பாறைகள் இருக்கின்றன. விடிந்து வெயில் ஏறும் வரையும், பொழுது சாய்ந்த பிறகும்தான் ஏற முடியும். சூடான கல்லில் வியர்த்த விரல் நிற்காது. நடுப்பகல் முழுக்க நிழலில் படுத்துக்கொண்டு எதிரே இருக்கும் பாறையைப் பார்க்க வேண்டியதுதான், எனக்கு அதைவிட என்ன வேண்டும்.

வாலியும் சுக்ரீவனும் சண்டையில் எறிந்த கற்கள் என்று ஆனெகுந்தியில் சொல்வார்கள். கிஷ்கிந்தை அது, சொல்லாமல் இருந்தால்தான் தப்பு. நிலவியல் சொல்லும் கதையில் எறிதலே இல்லை. ராமநகரத்தின் பழைய பெயரான க்ளோஸ்பேட் என்பதையே பெயராகக் கொண்ட கருங்கல் தொடர் ஒன்று தெற்கிலிருந்து வடக்காக ஹம்பி வரை ஓடுகிறது. ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயது. பூமிக்கடியில் இருக்கும்போதே அதில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள் விட்டன. வெடிப்பு வழியே இறங்கிய நீர் கட்டங்களின் மூலைகளை அரித்து உருண்டையாக்கியது. பிறகு சுற்றியிருந்த உதிரி மண் மழையில் கரைந்து போக, உருண்டைகள் இருந்த இடத்திலேயே வெளித்தெரிந்தன. ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிவைத்த மாதிரி நிற்பவற்றில் பலவும் யாரும் அடுக்காதவை.

சில பாறைகளில் மட்டும் சீரான இடைவெளியில் வரிசையாகச் செவ்வகக் குழிகள் தெரியும். விஜயநகரத்துக் கல்தச்சர்கள் ஆப்பு இறக்கிப் பிளக்கத் தோண்டியவை. பிளந்த பாதி ஏதோ கோயில் தூணாகப் போயிருக்கும், பிளக்காத பாதி நிற்கிறது. கோயில், மண்டபம், மதில் எதிலும் ஏறக் கூடாது என்பது எங்களுக்குள் எழுதாத சட்டம். அதைப் போலவே இயற்கைப் பாறையில் உளி வைத்துப் பிடி உண்டாக்குவதும் பெரிய பாவம். பிடி இல்லாவிட்டால் உனக்கு வழி இல்லை, வேறு கல்லைப் பார் என்பதுதான் முறை.

ஆனால் நான் பிறந்த ஊர்ப்பக்கம் சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டம் இருக்கிறது. பாறை விளிம்பில் கால் வைக்க ஏழு குழிகள் வெட்டி, அவற்றைத் தாண்டிப் போனால் இயற்கைக் குகைத்தளத்தில் வழவழப்பாக்கிய கற்படுக்கைகள், ஒன்றில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே துறவிகள் அங்கே ஏறிப்போய்த் தங்கியிருக்கிறார்கள். பள்ளிச் சுற்றுலாவில் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தைக் கடந்தபோது படுக்கைகளைத்தான் பார்த்தேன். இப்போது போனால் அந்தக் குழிகளின் முன் நின்றுவிடுகிறேன். கம்பி இல்லாத காலத்தில், மழை பெய்து பாறை நனைந்த நாளில், அங்கே ஏறிய துறவி எந்தக் காலை முதலில் வைத்திருப்பார்? பாறையைச் செதுக்கியதற்காக எங்கள் ஆட்கள் யாரும் அவரைக் குறை சொல்ல மாட்டார்கள் என்று நம்புகிறேன். அவர் பொழுதுபோக்குக்கு ஏறவில்லை.

பாறையைப் பார்ப்பதில் வேறொரு வகையும் உண்டு, அது நமக்கு நன்றாகவே தெரியும். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் ஒரு குன்றைப் பார்த்ததும் அதில் எத்தனை கன மீட்டர் கல் என்று கணக்கிட்டவர்களின் பார்வை. கல்வெட்டும் கற்படுக்கையும் தாங்கிய யானைமலையையே சிற்ப நகரமாக்க 2010இல் ஒரு திட்டம் வந்தது. சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் எழுந்து நின்று தடுத்தார்கள். அவர்களில் ஒருவரும் போல்டரிங் என்று கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். தினமும் பார்த்துக்கொண்டிருந்த மலை, அது போதுமானதாக இருந்தது.

சணாபுரம் அருகே ஒரு பாறை போன டிசம்பரிலிருந்து என்னிடம் கடன் வைத்திருக்கிறது. கோவைக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் ஆசிரியர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அதே கல்லில் அதே இடத்தில் விழுகிறார். வலதுகைக்குச் சரிவான பிடி, இடதுகைக்கு அரை விரல் விளிம்பு, அதற்கு மேல் நல்ல உதடு ஒன்று. அந்த உதட்டை எட்டுவதுதான் பிரச்சினை. படம் எடுத்து, அதன்மேல் சிவப்பு அம்பு போட்டு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார். இடது குதிகாலை விளிம்பில் கொக்கிபோல் மாட்டி எழ வேண்டும் என்பது அவர் கட்சி. வலது முன்பாதத்தைக் கீழே தேய்த்து நிறுத்தினால் போதும், குதிகாலை மாட்டினால் இடுப்பு வெளியே போய்விடும் என்பது என் கட்சி. “நீங்க ஒருதடவ குதிகால் வெச்சுப் பாருங்கம்மா, அப்புறம் பேசுங்க” என்று நேற்றும் குரல் பதிவு அனுப்பியிருந்தார். நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.