தண்ணீர்க் கணக்கில் ஓர் அடுப்படி

அரிசோனா மாநிலத்தில் குவார்ட்ஸைட் என்று ஒரு சிற்றூர். கோடை வெயிலில் தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது. குளிர்காலம் பிறந்துவிட்டால் கனடாவிலிருந்தும் மினசோட்டாவிலிருந்தும் பனிக்குத் தப்பி வரும் வண்டி வீடுகளால் ஊர் நிரம்பிவிடும். ஊருக்குத் தெற்கே 95ஆம் எண் நெடுஞ்சாலையின் இருபுறமும் கிடக்கும் லா போசா பாலைவெளியில்தான் நானும் கணவரும் குளிர்காலத்தைக் கழிக்கிறோம். அமெரிக்க அரசின் நில மேலாண்மைத் துறைக்குச் சொந்தமான இடம் அது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்கிக்கொள்ள 180 டாலர் வாங்கினார்கள். அந்தப் பணத்துக்குப் பெரிய வானமும் கல்லும் கிரியோசோட் புதர்களும் உண்டு. நிற்கிற இடத்தில் மின்சாரம் கிடையாது, குழாய் கிடையாது. தண்ணீர் பிடிக்கவும் கழிவைக் கொட்டவும் பொதுவாக ஓர் இடம் இருக்கிறது. அங்கே வண்டியை ஓட்டிக்கொண்டு போக வேண்டும்.

ஆர்.வி. என்னும் வண்டி வீட்டில் நிரந்தரமாகக் குடியேறப் போகிறோம் என்றதும் ஆளாளுக்கு ஒரு சாமான் பட்டியல் கொடுத்தார்கள். மடக்கி வைக்கிற வடிகட்டி, கத்திகளைச் சுவரில் ஒட்டவைக்கும் காந்தப் பட்டை, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பாத்திர அடுக்கு. எல்லாமே இடத்தை மிச்சம் பிடிப்பவை. ஆனால் லா போசாவில் இடத்தைவிட முந்திக்கொண்டு தீர்வது தண்ணீர். ஒரு பாத்திரத்தைக் கடையில் கையிலெடுத்தால் அதைக் கழுவ எவ்வளவு தண்ணீர் ஆகும் என்றுதான் இப்போது முதலில் யோசிக்கிறேன்.

எங்கள் வண்டியின் நல்ல தண்ணீர்த் தொட்டி 40 காலன் கொள்ளும். அதாவது சுமார் 150 லிட்டர். எடையும் 150 கிலோ. குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் போய்ச் சேரும் கிரே டேங்க் அதைவிடச் சிறியது. அது நிரம்பிவிட்டால், நல்ல தண்ணீர் மிச்சம் இருந்தாலும் குழாயைத் திறக்க முடியாது. சாம்பார்ப் பருப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் அதற்குள் இறங்கினால் பாலைவன வெயிலில் வண்டி முழுக்க நாற்றம் வரும். அதனால் எச்சில் தட்டைத் துடைக்காமல் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் வைப்பதே இல்லை.

இதில் எனக்கு ஆசான், பக்கத்து வண்டியில் இருந்த, கனடாவின் சஸ்காட்சவானைச் சேர்ந்த பெண்மணி. காலமெல்லாம் கோதுமை விவசாயம் பார்த்தவர். தட்டைப் பழந்துணியால் வழித்துத் துடைப்பார். வெந்நீரும் வினிகரும் கலந்து வைத்திருக்கும் ஸ்ப்ரே பாட்டிலால் நாலு முறை அடிப்பார், மறுபடி துடைப்பார். கடைசியில் மட்டும் கொஞ்சம் நல்ல தண்ணீர். நான் அவர் வழியை அப்படியே எடுத்துக்கொண்டு, என் பங்குக்கு இரண்டைச் சேர்த்தேன். ஒன்று, கிழிந்த வேட்டித் துணி. எண்ணெயை உறிஞ்ச அதற்கு ஈடாக எதையும் நான் பார்க்கவில்லை. இன்னொன்று சொம்பு. குழாயில் விழுகிற தண்ணீருக்கு அளவு தெரியாது. சொம்புத் தண்ணீருக்குத் தெரியும். இருவர் சாப்பிட்ட பாத்திரங்களை இரண்டு சொம்பில் அலசிவிடலாம். வெந்நீர்க் குழாயைத் திறந்தால் சூடு வருமுன் வரும் பச்சைத் தண்ணீரையும் பாத்திரத்தில் பிடித்து அரிசி களைய வைத்துக்கொள்கிறேன்.

ஆர்.வி. வாசிகள் பலரிடம் கோரெல் தட்டுகள் இருக்கும். கார்னிங் நிறுவனம் 1970இல் விற்பனைக்குக் கொண்டுவந்த, மூன்றடுக்காக இணைத்த மெல்லிய கண்ணாடி. லேசானது, எளிதில் உடையாது. நல்ல பொருள்தான். நான் எவர்சில்வரை விடவில்லை. மஞ்சள் கறையும் நெய்யும் ஒரே துடைப்பில் போய்விடும், கீழே விழுந்தால் சற்றே நசுங்குவதோடு சரி, கிண்ணத்தை அப்படியே அடுப்பிலும் வைக்கலாம். ஓடும்போது மட்டும் கடகடவென்று சத்தம் போடும். ஒவ்வொரு தட்டுக்கும் இடையில் ஒரு கைத்துண்டு வைத்தால் அதுவும் அடங்கிவிடும். இரும்புத் தோசைக்கல்லுக்குத் தண்ணீரே வேண்டியதில்லை, சூட்டோடு துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் போதும். எடை கூடுதலென்று யாராவது சொன்னால், அதற்காக வேறு எதையாவது இறக்கிவிடச் சொல்வேன். இங்கே அமெரிக்கர்களும் வார்ப்பிரும்புச் சட்டியை விடாமல் வைத்திருப்பது தண்ணீர் மிச்சமாகும் என்பதாலும்தான்.

எடை என்பது இந்த வாழ்க்கையில் சாதாரண விஷயமில்லை. ஆட்களையும் தண்ணீரையும் சேர்த்து இவ்வளவுதான் ஏற்றலாம் என்று ஒவ்வொரு வண்டியிலும் எழுதி ஒட்டியிருக்கும். லாரிகள் நிற்கும் பெட்ரோல் நிலையங்களில் கேட் ஸ்கேல் என்னும் எடைமேடைகள் இருக்கின்றன. சாமான் ஏற்றியபின் ஒரு தடவை அதில் நிறுத்திப் பார்ப்பது நல்லது. பாரம் கூடினால் டயர் வெடிக்கும். சுமைக் கணக்கு என்றதும் எனக்கு ஒருவர் நினைவுக்கு வருவார். குவார்ட்ஸைட் இடுகாட்டில், உச்சியில் ஒட்டகம் நிற்கிற ஒரு பிரமிடு வடிவக் கல்லறை இருக்கிறது. 1850களில் அமெரிக்க ராணுவம் இந்த வறண்ட நாட்டில் சுமை தூக்க ஒட்டகங்களை இறக்கிப் பார்த்தது. அவற்றோடு வந்த ஹாஜி அலியை இங்குள்ளவர்கள் ஹை ஜாலி என்று கூப்பிட்டார்கள். 1902இல் இறந்த அவர் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார். எதை ஏற்றுவது, எதை விடுவது, அடுத்த தண்ணீர் எங்கே என்று அவரும் நாள்தோறும் பார்த்திருப்பார். அந்தக் கல்லறைப் பக்கம் போகும்போதெல்லாம் அவரை மரியாதையோடு நினைத்துக்கொள்வேன்.

எடைக்குப் பயந்து நாங்கள் விட்டுவந்தது கிரைண்டர். அதன் கல் மட்டுமே வண்டிக்குப் பாரம். இட்லிக்கு இப்போது மிக்சிதான், அதுவும் இங்குள்ள மின்சாரத்துக்கென்று செய்த 110 வோல்ட் மிக்சி. 550 வாட் இழுக்கும் என்றாலும் பத்து நிமிடம் ஓடினால் 100 வாட்-மணிகூட ஆகாது. கூரையிலுள்ள சூரியத் தகடுகளுக்கு அது பெரிய காரியமில்லை. மாவு பொங்குவதுதான் வேறு கதை. திருநெல்வேலியிலிருந்து அக்கா போனில் கேட்டாள்: “ஏட்டி, அந்தக் குளிருக்குள்ள மாவு எப்படிட்டி பொங்கும்?” ராத்திரியில் பொங்காது, உண்மை. பாலைவனத்துக் குளிர்கால இரவு நடுங்க வைக்கும். நான் காலையில் அரைத்து, தூக்குவாளியில் பாதிக்கு மேல் நிரப்பாமல், ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் கண்ணாடியோரம் வைத்துவிடுகிறேன். முன்கண்ணாடி வழியே இறங்கும் வெயிலில் சாயங்காலத்துக்குள் மாவு எழும்பிவிடும். “அப்போ ராத்திரி இட்லியா?” என்றாள் அக்கா. ஆமாம், எங்கள் வீட்டில் இட்லி ராச்சாப்பாடாகிவிட்டது.

ஏப்ரல் வெயில் ஏறும்போது நாங்களும் மலை ஏறுகிறோம். ஃபிளாக்ஸ்டாஃப் 2,100 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொலராடோவின் லெட்வில் 3,100 மீட்டர். கொதிநிலை 90 டிகிரிக்கு இறங்கிவிடும். திறந்த சட்டியில் துவரம்பருப்பு மணிக்கணக்கில் தளதளவென்று கொதித்துக்கொண்டே கிடக்கும், மசியாது. தண்ணீரும் கேஸும்தான் ஆவியாகும். குக்கர் வெயிட்டைப் போட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, லெட்வில்லிலும் சூடு 115 டிகிரியை எட்டும். அடுக்கு வைத்துவிட்டால் கீழே பருப்பு, மேலே சோறு, நடுவில் உருளைக்கிழங்கு எல்லாம் ஒரே தீயில் வெந்துவிடும். அங்கு ஒரு மாலை, பீன்ஸை முதல்நாளே ஊறப்போட்டும் வேகவில்லை என்று வருந்திய அயலார் ஒருவருக்கு என் குக்கரில் வேகவைத்துக் கொடுத்தேன். விசிலுக்கு முதலில் பயந்தார், பிறகு எங்கே கிடைக்கும் என்று கேட்டு எழுதிக்கொண்டார். வண்டி வீட்டில் ஒரே ஒரு பாத்திரம்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் குக்கரைத்தான் எடுப்பேன்.

கேஸ் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு கிலோ ப்ரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோவுக்கும் மேலாக நீராவி உண்டாகிறது. குளிர் நாளில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைத்தால் அந்த ஈரமெல்லாம் கண்ணாடியில் வடிந்து, மெத்தைக்கு அடியில் பூஞ்சை பிடிக்கும். கூரையில் 14 அங்குலச் சதுரத்தில் ஒரு திறப்பு இருக்கும். அதில் நல்ல விசிறி பொருத்துவது எந்தப் பாத்திரத்தையும்விட முக்கியம். மிளகாய் வற்றல் தாளிக்கும் நம் வீடுகளுக்கு இரட்டிப்பாக முக்கியம், ஏனென்றால் அடுப்பிலிருந்து ஐந்து எட்டில் படுக்கை. ப்ரொப்பேன் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். கேஸ் கசிவை உணரும் கருவி தரையோரம் இருப்பது அதனால்தான். அதன் முன்னால் குப்பைக்கூடையோ செருப்போ வைத்து மறைக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடு அலாரமும் தீயணைப்பானும் அலங்காரத்துக்கு இல்லை; தேதி பார்த்து மாற்றுங்கள்.

எங்கள் ஃபிரிஜ் கேஸில் ஓடுவது. உள்ளே மோட்டார் இல்லை. சூட்டால் கிளம்பும் அம்மோனியா குளிர்ந்து தானாக வழிந்து இறங்க வேண்டும். வண்டி சாய்ந்து நின்றால் அந்த ஓட்டம் தடைப்பட்டுக் குளிர்ச்சி நின்றுபோகும், நாளடைவில் ஃபிரிஜே பாழாகும். ஆகவே கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்று எங்கள் சமையல் சாமான்களோடு இருக்கிறது. எந்த ஊரில் நிறுத்தினாலும் முதல் வேலை அதைத் தரையில் வைத்துப் பார்த்து, சக்கரத்துக்குக் கீழே கட்டை கொடுப்பது. குடிநீர்க் குழாய்க்கு ஒரு வெள்ளை ஹோஸ், கழிவுப் பக்கம் அலச வேறு நிறத்தில் ஒன்று. இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்கவே கூடாது.

லா போசாவில் எல்லோரும் ஓய்வுக்காலத்தை அனுபவிக்க வந்தவர்கள் இல்லை. வாடகை கொடுக்க முடியாமல் பழைய வேனுக்குள் குடியேறியவர்களும் இருக்கிறார்கள். இப்படிப்பட்டவர்களைப் பற்றித்தான் ஜெசிகா புரூடர் 2017இல் ‘நோமேட்லேண்ட்’ புத்தகத்தை எழுதினார். எங்களுக்கு நாலு வண்டி தள்ளி இருந்த ஒரு விதவைப் பெண்மணியிடம் ஒற்றை பர்னர் அடுப்பு, ஒரு மூடியுள்ள சட்டி, ஒரு கத்தி, இரண்டு ஸ்பூன், ஐந்து காலன் தண்ணீர்க் கேன் மட்டுமே இருந்தன. தண்ணீரை எங்களைவிட நன்றாகக் கணக்கிட்டுச் செலவழித்தார். எது அத்தியாவசியம் என்று கேட்கிறவர்கள் கடைகளுக்குப் போகுமுன் அவரைப் போன்றவர்களோடு ஒரு பொழுது உட்கார்ந்து சமைக்க வேண்டும் என்பது என் எண்ணம். எங்கள் ரசத்தை அவர் டம்ளரில் வாங்கிக் குடிப்பார். அவர் செய்கிற சோள ரொட்டியைப் போல நான் எங்கும் சாப்பிட்டதில்லை.

இந்த வருடமும் ஏப்ரல் 15க்குள் இங்கிருந்து கிளம்ப வேண்டும். அதற்கு முன்னால், 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பீனிக்ஸுக்குப் போய் இந்தியக் கடையில் புளி, துவரம்பருப்பு, குக்கருக்கு இரண்டு காஸ்கெட், ஒரு சேஃப்டி வால்வு வாங்கி வர வேண்டும். லெட்வில்லில் அவை கிடைக்காது.