கேட்கவும் கற்றுத்தருவோம்

இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்த என் அண்ணன் மகள், ஓர் ஆலோசனை நிறுவனத்தில் பணிபுரிந்துகொண்டே பட்டம் பயில்கிறாள். 2015இல் அங்கு அறிமுகமான பட்டத் தொழிற்பயிற்சித் திட்டம் அது. மாதச் சம்பளம் உண்டு. கல்விக் கட்டணம் மாணவர் தலையில் விழாது. விதிப்படி, பாடத்திற்கான நேரமும் பணிநேரத்திலேயே அடங்கும்.

ஆனால், அவளுடைய பாட நாளான வெள்ளிக்கிழமைகளில் மேலாளர் வாடிக்கையாளர் கூட்டங்களை வைத்தார். அவளோ இரவெல்லாம் கண்விழித்து இடுபணி எழுதினாள்.

"அத்தை, மறுத்துப் பேசலாமா?" என்று தொலைபேசியில் கேட்டாள்.

"பொறுத்துக்கொள், அம்மா" என்றேன்.

பின்னர் மனம் உறுத்தியது. இருபது ஆண்டுகளாக வகுப்பறையிலும் பணிவை மட்டும்தானே போதித்தேன்? உரியதைப் பணிவோடு கேட்கக் கற்றுத்தரவில்லையே!

மறுநாள் நானே அழைத்து, "கேள்" என்றேன். கேட்டாள், வெள்ளிக்கிழமை அவளுக்கே திரும்பியது.

ஆசிரியர்களே, பெற்றோர்களே, உழைக்கக் கற்றுத்தரும் நாம், உரியதைக் கேட்கவும் கற்றுத்தருவோம்.