மந்தமா, பாஷையா?

ஐ.க்யூ. டெஸ்ட்டுன்னாலே ஒரு நம்பர்னு நினைக்கிறோம் மக்களே. அந்த நம்பர் எந்த பாஷையில வந்துச்சுன்னு யாரும் கேக்கறதில்ல.

ஆம்பூர்ல எங்க பக்கத்து வீட்டுப் பையனுக்கு 12 வயசு. வீட்ல உருது, ஸ்கூல்ல தமிழ். 'மந்தம்'னு ஸ்கூல்ல முத்திரை குத்தியாச்சு. ஷூ கம்பெனியில வேலை செய்யற அவங்கப்பா, படிப்பை நிறுத்திடலாம்னே முடிவு பண்ணிட்டார்.

கடைசி முயற்சியா வேலூர்ல சைக்காலஜிஸ்ட் ஒருத்தர்கிட்ட காட்டினோம். "வீட்ல என்ன பேசுவீங்க தம்பி?"ன்னுதான் முதல்ல கேட்டாங்க. அப்புறம் கலர்க் கட்டைகளைக் கொடுத்து, அட்டையில இருக்கற டிசைனை அடுக்கச் சொன்னாங்க. பயல் மளமளன்னு அடுக்கிட்டான்!

எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கும் பொருந்தற மாதிரி சி.எம். பாட்டியா 1955-ல வெளியிட்ட டெஸ்ட்ல இந்தக் கட்டை அடுக்கறதும் ஒரு பகுதி. பேச்சு அதிகம் தேவைப்படாது.

புத்தியில குறையில்ல, தமிழ்தான் இடிக்குதுன்னு தெரிஞ்சுது. இப்போ சாயங்காலம் தமிழ் டியூஷன் போறான்.

உங்க தெருவுல 'மந்தம்' யாராச்சும் இருக்காங்களா? எந்த பாஷையில கேள்வி கேட்டாங்கன்னு விசாரிங்க.