அக்கா மகள் ஒலிப்பதிவு படிக்கிறாள்

மணலி புதுநகரில் பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு அக்கம்பக்கத்தார் சொல்லும் வழிகள் நாலைந்துதான். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் அல்லது எலெக்ட்ரீஷியன், பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல், பெண் பிள்ளை என்றால் பாரதி மகளிர் கல்லூரியில் பி.காம்., பையன் என்றால் வியாசர்பாடி அம்பேத்கர் கலைக் கல்லூரி. கொஞ்சம் வசதி இருந்தால் இன்ஜினியரிங். சுற்றிலும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, அனல்மின் நிலையம், துறைமுகம் என்று இருக்கும்போது யாருக்கும் வேறு எதுவும் தோன்றாது. நானும் அந்த வழியில் வந்தவன்தான். ஓர் ஆலையின் மின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் அக்கா மகள் தரமணியில், எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவு படிக்கிறாள். நான்கு ஆண்டு இளங்கலைப் பட்டம்.

அவள் விண்ணப்பம் போடப்போவதாகச் சொன்ன அன்று அக்கா என்னிடம்தான் வந்தாள். “சினிமாக்காரங்க வூட்டுப் புள்ளையாடா இது? நமக்கு அங்க யாரத் தெரியும்?” என்றாள். அந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தமிழ் சினிமாவில் ஒருவர் தொழில் கற்ற கதையை எங்கே தொட்டாலும் யாரைத் தெரியும் என்பதில்தான் போய் நிற்கும். புட்டண்ணா கனகலிடம் வேலை பார்த்தவர் பாரதிராஜா. பாரதிராஜாவிடம் பாக்யராஜ். பாக்யராஜிடம் பாண்டியராஜன், பார்த்திபன். அழகான குரு பரம்பரை, அதிலிருந்து நல்ல படங்களும் வந்தன. ஆனால் அந்தப் பரம்பரைக்குள் நுழைய முதலில் ஒரு வாசலில் போய் நிற்க வேண்டும். ஊர்க்காரர் கடிதம், தெரிந்தவரின் தெரிந்தவர், கோடம்பாக்கத்தில் ஓர் அறையில் ஐந்தாறு பேரோடு படுத்து எழுந்து, பசியைப் பொறுத்துக்கொண்டு காத்திருக்கத் துணிவு. மணலி புதுநகரிலிருந்து ஒரு பதினெட்டு வயதுப் பெண் அப்படிப் போய்க் காத்திருக்க முடியுமா? எந்த அம்மா அனுப்புவாள்?

அரசு நிறுவனத்தில் விண்ணப்பம் இருக்கிறது. தேர்வும் நேர்காணலும் உண்டு. யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்விக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. இந்தப் படிப்பின் பக்கம் நான் நிற்பதற்கு முதல் காரணம் இதுதான். அக்காவிடமும் இதைத்தான் சொன்னேன். தெரிந்தவர் யாரும் இல்லாதவர்களுக்காகத்தான் அரசாங்கம் கல்லூரி நடத்துகிறது.

அந்தத் தரமணி நிறுவனத்துக்கு வயதும் குறைவில்லை. 1945இல் மத்திய பாலிடெக்னிக்கின் ஒரு பிரிவாகத் தொடங்கியபோதே அங்கே கற்றுத்தந்தவை ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும்தான். புனே திரைப்பட நிறுவனம் தொடங்கியது 1960இல். நம்முடையது அதற்குப் பதினைந்து வருடம் மூத்தது. நம் ஊரிலேயே பலருக்கு இது தெரியாது. 1978இல் ‘அவள் அப்படித்தான்’ எடுத்த ருத்ரய்யா இந்த நிறுவனத்தின் மாணவர். அதற்குப் பிறகும் ‘இன்ஸ்டிட்யூட்காரனுக்கு ஏட்டுப் படிப்புதான் தெரியும்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களின் வாயை அடைத்தது 1986இல் வந்த ‘ஊமை விழிகள்’. ஆபாவாணன் தயாரிப்பு, அரவிந்தராஜ் இயக்கம், ரமேஷ்குமார் ஒளிப்பதிவு. எல்லோரும் அந்த வளாகத்துப் பிள்ளைகள். சினிமாஸ்கோப்பில் எடுத்து, ஓட்டியும் காட்டினார்கள். டைட்டிலில் பெயருக்குப் பின்னால் டி.எஃப்.டி. என்று பட்டயத்தின் மூன்று எழுத்து வந்தால் கொட்டகையில் மரியாதையாகப் பார்த்த காலம் அது. அந்தப் பட்டயம்தான் இப்போது நான்காண்டு காட்சிக்கலைப் பட்டமாக வளர்ந்திருக்கிறது.

நான்காண்டு என்பது அக்கா வீட்டில் சின்ன விஷயம் இல்லை. கூடப் படித்தவள் மூன்று வருடத்தில் பி.காம். முடித்துச் சம்பளம் வாங்கத் தொடங்குவாள். இவள் அப்போதும் விடியும் முன் கிளம்பி, கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ்ஸில் திருவொற்றியூர் போய், கும்மிடிப்பூண்டி ரயிலில் கடற்கரை, அங்கிருந்து பறக்கும் ரயிலில் தரமணி என்று ஊரின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய் வந்துகொண்டிருப்பாள். கட்டணம் குறைவுதான். கனமாக இருப்பது சம்பாதிக்காத வருடங்கள். இதை மறைத்துவிட்டு இந்தப் படிப்பைப் புகழ எனக்கு மனம் வராது.

ஆனால் அவள் என்ன படிக்கிறாள் என்பது எனக்குப் புரியத் தொடங்கியதும் நான் வேறு ஆளாகிவிட்டேன். ஏனென்றால் என் வேலையும் காதால்தான் நடக்கிறது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை பேரிங் மூடியில் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கேட்போம். நல்ல பேரிங் சீராக ஓடும். கெடத் தொடங்கியது கரகரக்கும். மீட்டர் சொல்வதற்கு முன்னால் காது சொல்லிவிடும் என்று எனக்குக் கற்றுத்தந்த பெரியவர் சொல்வார். இதை அவளிடம் சொன்னபோது நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள்.

பதிலுக்கு அவள் எனக்கு ரூம் டோன் சொல்லித்தந்தாள். ஒரு காட்சியை எடுத்து முடித்ததும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, அந்த இடத்தின் வெறும் சத்தத்தை அரை நிமிடமோ ஒரு நிமிடமோ பதிவு செய்வார்களாம். வசனங்களை வெட்டி ஒட்டும்போது நடுவில் விழும் இடைவெளியை அதை வைத்துத்தான் நிரப்புவார்கள். வேறு இடத்து அமைதியைக் கொண்டுவந்து வைத்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும்.

பயிற்சிக்காக எங்கள் வீட்டுக் கூடத்தில் அதைப் பதிவு செய்தாள். ஹெட்போனை என் தலையில் மாட்டினாள். ஃபேன் நிறுத்தியிருந்தது, ஃப்ரிட்ஜ் நிறுத்தியிருந்தது, ஆனாலும் அடியில் ஒரு ரீங்காரம் நின்றது.

“மாமா, இது என்ன, கேபிள்ல கோளாறா?”

“இல்லம்மா. தெருமுனை ட்ரான்ஸ்ஃபார்மர்.”

மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மின்மாற்றிக்குள் இருக்கும் இரும்புத் தகடுகள் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை விரிந்து சுருங்கும். அதனால் காதுக்கு வருவது 100 ஹெர்ட்ஸ். எனக்குத் தொழிலில் தெரிந்தது அவளுக்குப் பாடமாக ஆனது. இயற்பியல் படித்தவளை ஒலிப்பதிவுக்கு ஏன் எடுக்கிறார்கள் என்பது அக்காவுக்கும் அன்றைக்குத்தான் விளங்கியது. நடிக்கப் போகிறாள் என்றுதான் அதுவரை உறவில் பாதிப் பேர் நினைத்திருந்தார்கள்.

பிறகு மொட்டை மாடியில் மைக்கை வைத்து ஊரையே பதிவு செய்யத் தொடங்கினாள். டிரெய்லர் லாரியின் ஏர் பிரேக் விடும் பெருமூச்சு, தண்ணீர் லாரி வந்ததும் பிளாஸ்டிக் குடங்கள் மோதும் சத்தம், அய்யா வைகுண்டர் தர்மபதியின் உகப்படிப்பு, காற்று திரும்பும்போது தூரத்து ஆலையின் இரைச்சல். எல்லாவற்றுக்கும் தேதி, நேரம், காற்றின் திசை எழுதி வைக்கிறாள். தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை டப்பிங் பேசி எடுக்கப்படுபவை. ‘விருமாண்டி’ மாதிரி நேரடி ஒலியில் எடுத்தவை கொஞ்சம்தான். ஆகவே படத்தில் கேட்கும் ஊர்ச் சத்தம் பெரும்பாலும் ஒலிக் கிடங்கிலிருந்து வருவது. வடசென்னை என்று திரையில் வரும் இடத்தில் எங்கள் ஊரின் சத்தத்தை நான் அநேகமாகக் கேட்டதில்லை. கத்தி உரசும் சத்தமும் கானாவும் நிறையக் கேட்டிருக்கிறேன். ‘மெட்ராஸ்’, ‘சார்பட்டா பரம்பரை’ வந்த பிறகு முகங்கள் மாறின, பேச்சு மாறியது. அவற்றை எடுத்த பா. ரஞ்சித் படித்ததும் ஓர் அரசுக் கல்லூரிதான், எழும்பூர் பக்கத்துக் கவின் கலைக் கல்லூரி. சத்தத்தில் அந்த மாற்றம் வருவதற்கு இந்தப் பக்கத்துக் காதுகள் அந்த வேலையில் உட்கார வேண்டும்.

ஆவணப்படப் பயிற்சிக்கு இடம் தேடியபோது வகுப்புத் தோழர்களை அவள் எண்ணூர் முகத்துவாரத்துக்கு அழைத்து வந்தாள். 2017இல் டி.எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னை பொறம்போக்கு பாடல்’ படமாக்கப்பட்ட கழிமுகம் அது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்த பிள்ளைகள் முதலில் புகைபோக்கிகளையே எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவள் தண்ணீருக்குள் இறங்கி, கையால் இறால் தடவும் பெண்களுக்குப் பக்கத்தில் பூம் மைக்கைப் பிடித்தாள். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து இந்தக் கழிமுகம் முழுக்கப் படிந்தபோது, மீனவர்கள் பக்கெட்டில் அள்ளிக் கொட்டியதை நாடே படத்தில் பார்த்தது. அந்தப் பெண்கள் அதைப்பற்றிப் பேசும்போது நடுநடுவே நிறுத்தி இறாலைக் கூடையில் போடுகிறார்கள். கூடையில் விழும் சத்தத்தை வைத்தே எத்தனை குறைவாகக் கிடைக்கிறது என்று தெரிகிறது. வசனத்தில் சொல்ல வேண்டியதில்லை என்று வெட்டும்போது அவள் வாதாடினாளாம், ஜெயித்தாளாம். கேட்க எனக்குப் பெருமையாக இருந்தது.

வேலை கிடைக்குமா என்று இன்றும் கேட்கிறார்கள். உறுதி சொல்ல முடியாது. பெரிய படங்களில் வேலை பார்க்க திரைத் தொழிலாளர் கூட்டமைப்பான ஃபெப்சியில் இணைந்த சங்கத்தின் அட்டை வேண்டும், அதற்குப் பணமும் காலமும் வேண்டும். முதல் சில வருடங்கள் டப்பிங் கூடம், விளம்பரப் படம், செய்தித் தொலைக்காட்சி, வெப் சீரிஸ் என்று கிடைத்ததைப் பிடித்துக்கொண்டுதான் வர வேண்டும். தளத்தில் பூம் பிடிக்கும் பெண்கள் இன்னும் குறைவு, இரவு ஷூட்டிங் முடிந்து மணலி புதுநகர் திரும்புவது எப்படி என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் என் பைக்தான். பிள்ளையை அனுப்ப நினைக்கும் பெற்றோர் இத்தனையையும் தெரிந்துகொண்டே அனுப்பட்டும். ஆனால் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேரும் பையனுக்கு இங்கே யார் உறுதி கொடுத்தார்கள்? அங்கே கேட்காத கேள்வியை இங்கே மட்டும் கேட்பது நியாயமாகத் தோன்றவில்லை.

எதிர்த் தெருவில் பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் இவள் மாடியில் மைக் வைப்பதைப் பார்த்துப் பார்த்து வீட்டுக்கே வந்துவிட்டான். அப்பா டிரெய்லர் ஓட்டுகிறார். அவனுக்கு ஒளிப்பதிவு வேண்டுமாம். இயற்பியலில் அலைகளும் ஒளியியலும் தகராறு என்றான். ஷிஃப்ட் இல்லாத மாலைகளில் வரச் சொல்லியிருக்கிறேன். லென்ஸ் சூத்திரத்திலிருந்து தொடங்குகிறோம்.