ஆறுக்கு மூன்று

கோர்ட்டு உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவனிடம் யாரும் சுகர், பிரஷர் பற்றி விசாரிப்பதில்லை. "சார், இந்தக் கேஸ் எப்படிப் போகும்?" என்றுதான் கேட்கிறார்கள். 31 வருஷம் மதுரைப் பக்கத்துக் கோர்ட்டுகளில் பெஞ்ச் கிளார்க், சிரஸ்தாதார் என்று இருந்துவிட்டு வந்தவன் நான். நீதிபதியின் மேடைக்குக் கீழே, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவர் குரலை மட்டும் கேட்டே பாதி ஆயுள் போய்விட்டது. அப்படியும் எந்த வழக்கு எந்தப் பக்கம் சாயும் என்று நான் யாருக்கும் சொன்னது கிடையாது. சொல்லக் கூடாது என்பது வேலையின் ஒழுங்கு. சொல்ல முடியாது என்பது அனுபவம்.

வக்கீல்கள் மட்டும் சளைக்காமல் சொல்வார்கள். "இந்த ஐயா முன்னால போனா இடைக்காலத் தடை கிடைக்கும், மாறி வரப்போறவர்கிட்ட கிடைக்காது" என்று கட்சிக்காரருக்குத் தைரியம் கொடுப்பார்கள். பலித்தால் வக்கீலின் சாமர்த்தியம், பலிக்காவிட்டால் கட்சிக்காரரின் நேரம்.

அமெரிக்காவில் இதை ஒரு தனி சாஸ்திரமாகவே வளர்த்து வைத்திருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் மகளின் பிரசவத்துக்காக நானும் என் மனைவியும் டல்லாஸ் போயிருந்தபோதுதான் அதைக் கிட்டத்தில் பார்த்தேன். பார்க்க வேண்டிய கட்டாயமும் இருந்தது.

விஷயம் இதுதான். மகளும் மாப்பிள்ளையும் எச்-1பி விசாவில் இருப்பவர்கள். கிரீன் கார்டு வரிசையில் இந்தியர்கள் நிற்கும் இடம் உங்களுக்குத் தெரியும். அமெரிக்க மண்ணில் பிறக்கும் குழந்தை அமெரிக்கக் குடிமகன் என்பது 1868-ல் வந்த 14-வது திருத்தத்தின்படி நடந்துவரும் வழக்கம். சீனப் பெற்றோருக்கு சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்த வாங் கிம் ஆர்க் என்பவரின் வழக்கில் 1898-லேயே உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்திருக்கிறது. ஆனால் 2025 ஜனவரி 20 அன்று அதிபர் டிரம்ப் ஓர் உத்தரவு போட்டார். தாய் தற்காலிக விசாவில் இருந்து, தந்தையும் குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இல்லாவிட்டால், பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை. கீழ் நீதிமன்றங்கள் நாடு முழுவதற்கும் தடை விதித்தன. அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மகளுக்குத் தேதி ஆகஸ்ட் 9.

நம் உச்ச நீதிமன்றத்தில் பெரும்பாலான வழக்குகளை இரண்டு பேர், மூன்று பேர் கொண்ட அமர்வுகள்தான் விசாரிக்கின்றன. யார் முன் போகிறது என்பதிலேயே பாதி ஜோசியம் முடிந்துவிடும். வாஷிங்டனில் ஒன்பது நீதிபதிகளும் சேர்ந்தே உட்காருகிறார்கள். ஓய்வு வயது கிடையாது. வருஷக்கணக்கில் அதே முகங்கள். ஆறு பேர் குடியரசுக் கட்சி அதிபர்கள் நியமித்தவர்கள், மூன்று பேர் ஜனநாயகக் கட்சி அதிபர்கள் நியமித்தவர்கள். வாதம் முடிந்தபின் ஒன்பது பேரும் ஓர் அறையில் கூடிக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். குமாஸ்தாவுக்குக்கூட அனுமதி இல்லை. (எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான்.) தலைமை நீதிபதியில் ஆரம்பித்து சீனியாரிட்டி வரிசையில் அவரவர் வாக்கைச் சொல்வார்கள். தீர்ப்பு வெளியாகும் நாள் வரை அதை மாற்றிக்கொள்ளவும் செய்யலாம்.

இந்த ஒன்பது வாக்கை முன்கூட்டியே கணிப்பதற்கு 2002-ல் ஒரு போட்டியே நடந்திருக்கிறது. ஒரு பக்கம் கம்ப்யூட்டர். இன்னொரு பக்கம் சட்டப் பேராசிரியர்கள், வழக்கறிஞர்கள் என 83 நிபுணர்கள். கம்ப்யூட்டருக்குக் கொடுத்தது ஆறே தகவல்கள்: வழக்கு எந்த வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் இருந்து வருகிறது, என்ன வகை வழக்கு, மேல்முறையீடு செய்தவர் எப்படிப்பட்டவர், எதிர்த்தரப்பு எப்படிப்பட்டது, கீழே வந்த தீர்ப்பு தாராளவாதமா பழமைவாதமா, அரசியல் சாசன மீறல் என்ற வாதம் உண்டா. அவ்வளவுதான். சட்டப் புத்தகத்தில் ஒரு வரி படிக்காத அந்த இயந்திரம் 75 சதவீத வழக்குகளின் முடிவைச் சரியாகச் சொன்னது. நிபுணர்கள் சொன்னது 59 சதவீதம். ஒவ்வொரு நீதிபதியின் வாக்கையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டால் இரு தரப்பும் ஏறக்குறைய சமம், மூன்றில் இரண்டு பங்கு சரி.

மாப்பிள்ளை கம்ப்யூட்டர்காரர். அவர் இதைப் படித்துவிட்டு, "பாத்தீங்களா மாமா, வாதம் எல்லாம் சும்மா. யார் நியமிச்சாங்கன்னு பாத்தா போதும்" என்றார். ஒரு எக்செல் ஷீட்டில் ஒன்பது பெயரையும் போட்டு, பழைய வழக்குகளில் யார் யாரோடு சேர்ந்தார்கள் என்று நிரப்ப ஆரம்பித்தார். ஆபீஸ் வேலை முடிந்து ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு மனிதர் அப்படி உட்கார்ந்தால், அது பொழுதுபோக்கு இல்லை. பயம்.

கேள்விகளை எண்ணும் முறை ஒன்றும் உண்டு. இப்போதைய தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், அதற்கு முன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் இருந்தபோது, 28 வழக்குகளின் வாதங்களை எடுத்துக் கேள்விகளை எண்ணிப் பார்த்தார். அவற்றில் 24-ல் அதிகக் கேள்வி வாங்கிய தரப்பே தோற்றிருந்தது. எங்கள் கோர்ட்டில் ஒரு சப் ஜட்ஜ் இருந்தார். அவர் விஷயம் நேர் எதிர். யாருக்குச் சாதகமாக எழுதப்போகிறாரோ அந்த வக்கீலைத்தான் வறுத்தெடுப்பார். தீர்ப்பில் எழுதக் காரணங்கள் வேண்டுமே! அவற்றை அந்த வக்கீல் வாயிலிருந்தே வாங்கிக்கொள்வார்.

மே 15-ம் தேதி வாதம். 2020-ல் கொரோனா வந்ததில் இருந்து அந்தக் கோர்ட்டின் வாதங்களை நேரலையில் கேட்கலாம். படம் கிடையாது, குரல் மட்டும். எனக்குப் பழக்கமான ஏற்பாடு. மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டார். மகள் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. அரசுத் தரப்பில் சொலிசிட்டர் ஜெனரல் சாவர். நீதிபதி கவனா, உத்தரவு அமலுக்கு வந்தால் மறுநாள் ஆஸ்பத்திரிகள் பிறந்த குழந்தையை என்ன செய்யும், மாநிலங்கள் என்ன செய்யும் என்று கேட்டார். அதிகாரிகள்தான் அதை வகுக்க வேண்டும் என்ற பதிலை விடாமல், எப்படி, எப்படி என்று துருவினார். நீதிபதி பாரெட், கீழ் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்புக்கு அரசு கட்டுப்படுமா இல்லையா என்று குடைந்தார். இருவரும் டிரம்ப் நியமித்தவர்கள். மாப்பிள்ளை முகத்தில் வெளிச்சம். எக்செல் ஷீட்டில் இரண்டு பெயர்களை இந்தப் பக்கம் நகர்த்தினார்.

"அஞ்சுக்கு நாலு நமக்கு. நீங்க என்ன சொல்றீங்க மாமா?"

"எனக்கு இதுல ஓட்டு கிடையாது மாப்பிள்ளை. நியூஜெர்சி டிக்கெட் என்ன விலைன்னு பாருங்க. பணம் திரும்பி வர்ற மாதிரி டிக்கெட்டா பாருங்க" என்றேன்.

நியூஜெர்சி எதற்கு என்றால், வழக்குத் தொடர்ந்த 22 மாநிலங்களில் அதுவும் ஒன்று. டெக்சாஸ் தொடரவில்லை. நாடு தழுவிய தடை போனாலும் அங்கே பாதுகாப்பு நிற்கக்கூடும். மாப்பிள்ளையின் அண்ணன் வீடும் அங்கே இருக்கிறது. ஆனால் 36 வாரத்துக்கு மேல் விமானப் பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதாவது ஜூலை இரண்டாம் வாரத்துக்குள் முடிவு எடுத்தாக வேண்டும். புது ஊர், புது டாக்டர், இன்சூரன்ஸ் அந்த ஆஸ்பத்திரியில் செல்லுமா என்ற விசாரணை. என் மனைவி பிரசவ லேகியத்தையும் சுக்கையும் இரண்டு டப்பாக்களில் பிரித்துக் கட்டிவைத்தாள், எந்த ஊரானாலும் ஒன்று கையில் இருக்கட்டும் என்று.

ஜூன் 27, வெள்ளிக்கிழமை தீர்ப்பு வந்தது. ஆறுக்கு மூன்று. கட்சி பிரித்த கோடு அப்படியே. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர், அத்தனை கடுமையாகக் குடைந்த அதே பாரெட். கவனாவும் அவரோடுதான். கேள்விகளை வைத்துக் கணித்தது அத்தனையும் போயிற்று. யார் நியமித்தார்கள் என்ற மொட்டைக் கணக்கு அப்படியே பலித்தது. நாடு தழுவிய தடை விதிக்கக் கீழ் நீதிமன்றங்களுக்கு அதிகாரம் இல்லை. உத்தரவு முப்பது நாள் கழித்து அமலாகலாம். மகள் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

நான் தீர்ப்பைப் பிரிண்ட் எடுத்துப் படித்தேன். பழைய பழக்கம், முதலில் பார்ப்பது எழுவினா என்ன என்பதைத்தான். பிறக்கும் குழந்தை குடிமகனா இல்லையா என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பு பதிலே சொல்லவில்லை. அந்த உத்தரவு செல்லுமா என்றும் சொல்லவில்லை. ஒரு நீதிபதி எவ்வளவு தூரத்துக்குத் தடை விதிக்கலாம் என்பது மட்டுமே அங்கே எழுவினா. பாதிக்கப்பட்டவர்கள் ஒரு வகுப்பாகச் சேர்ந்து வழக்குப் போடும் வழியை அது அடைக்கவும் இல்லை. அன்றைக்கே நியூ ஹாம்ப்ஷயரில் குழந்தைகள் சார்பில் அப்படி ஒரு வழக்குத் தாக்கலானது. ஜூலை 10 அன்று நீதிபதி லாப்லாண்ட், நாடு முழுதும் உள்ள அந்தக் குழந்தைகளை ஒரே வகுப்பாக ஏற்று உத்தரவை நிறுத்திவைத்தார். நாங்கள் டிக்கெட்டை ரத்து செய்தது அதற்கு அடுத்த வாரம்.

2012-லும் இதே கதைதான். ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் எல்லோரும் நீதிபதி கென்னடியின் வாக்கையே எண்ணிக்கொண்டிருந்தார்கள். இன்சூரன்ஸ் வாங்கு என்று மக்களைக் கட்டாயப்படுத்த வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் போதுமா என்பதுதான் கேள்வி என்று நினைத்தார்கள். போதாது என்பதற்கு ஐந்து வாக்குகள் இருந்தன. சி.என்.என்., ஃபாக்ஸ் இரண்டும் அதுவரை மட்டும் படித்துவிட்டுச் சட்டம் செத்தது என்று அறிவித்துவிட்டன. ஆனால் ராபர்ட்ஸ் அடுத்த கேள்விக்குப் போனார். அதை ஒரு வரி என்று பார்த்தால் செல்லும் என்று எழுதினார். ஐந்துக்கு நான்கில் சட்டம் பிழைத்தது. கென்னடியோ எதிர்ப்பக்கம்.

வாக்கு எண்ணுகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பெயரைப் பார்த்தே வாக்கைச் சொல்ல முடிகிறது என்றால் அது கோர்ட்டுக்குப் பெருமை இல்லை என்பதையும் அவர்கள்தான் நமக்குக் காட்டுகிறார்கள். ஆனால் வேடிக்கை பார்க்கிறவனுக்குத்தான் எண்ணிக்கை போதும். வழக்கின் முடிவில் தன் வாழ்க்கை இருக்கிறவன் பார்க்க வேண்டியது எழுவினா. ஒன்பது பேர் எந்தப் பக்கம் என்பதைவிட, எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப்போகிறார்கள், எதைச் சொல்லாமல் விடப்போகிறார்கள் என்பதில்தான் நமக்கு மிச்சமிருக்கும் வழி இருக்கும். அது தெரியும் வரை இரண்டு டப்பா கட்டி வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். என் மனைவி சட்டம் படித்தவள் இல்லை.

பேரன் ஆகஸ்ட் 6-ம் தேதி டல்லாஸிலேயே பிறந்தான். நாங்கள் அக்டோபரில் ஊர் திரும்பினோம். 2025 டிசம்பர் 5-ம் தேதி உச்ச நீதிமன்றம் மூலக் கேள்வியையே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அந்த முறை எழுவினா நேராகவே இருந்தது. மாப்பிள்ளை மறுபடியும் எக்செல் ஷீட்டைத் திறந்துவிட்டதாக மகள் போனில் சொன்னாள். பையனின் பிறப்புச் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் நாலு நாலு நகல் எடுத்து, ஒரு செட்டை எனக்கு அனுப்பி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.