பொடியன்: ஒரு சொல்லின் பயணம்

ஒரு சொல்லின் வரலாறு அதனை வழங்கிய மக்களின் வரலாறே என்பர். மொழியியல் வகுப்பில் இக்கூற்றைக் கேட்டபோது, அப்பாச்சி நாள்தோறும் வழங்கும் ஒரு சொல்லே என் நினைவில் எழுந்தது. அது 'பொடியன்'.

'பொடி' என்பது துகள், சிறியது. பொடிமீன் என்கிறோம். அவ்வடியிற் பிறந்த 'பொடியன்' சிறுவனைக் குறிக்கும். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் அது 'பெடியன்' எனவும், பன்மையிற் 'பெடியள்' எனவும் ஒலிக்கும். ஆயுதமேந்திய இளைஞரையும் ஊரார் இப்பெயராலேயே சுட்டலாயினர். இயக்கங்கள் பல, பெயர் கூறுவதோ ஆபத்து. 'பெடியள்' என்றால் எவர்க்கும் விளங்கும். 1980களில் ஆங்கிலப் பத்திரிகையாளர் அதனை மொழிபெயர்த்து, 'த போய்ஸ்' என எழுதினர். இவ்வாறு நம் முற்றத்துச் சொல் ஆங்கிலத்தில் அரசியற் கொச்சையாயிற்று.

பிற நாடுகளிலும் இத்தகைய வழக்குண்டு. 18ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தில், வெள்ளைச் சட்டையணிந்து இரவிற் கிளர்ந்த உழவர் 'வைற்போய்ஸ்' எனப்பட்டனர். காலாட்படையைக் குறிக்கும் 'இன்பன்ரி' என்ற ஆங்கிலச் சொல்லும் 'இன்பன்ஸ்' என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்ததே. பேச அறியாக் குழந்தை என்பது அதன் மூலப்பொருள்.

செல்லப்பெயர் சிலவற்றை மறைக்கவும் செய்யும். பெண்களும் ஆயுதமேந்தினர், 'பெடியள்' என்பதில் அவர்கள் தெரிவதில்லை. அவ்வாயுதங்களால் விளைந்த தீங்குகளும் அச்சொல்லின் மென்மையில் மறைந்தன.

என் சித்தப்பா 2009இல் முள்ளிவாய்க்காலிற் காணாமற் போனார். அப்போது அவருக்கு வயது 19. அவர் எந்த இயக்கத்திலும் சேர்ந்தவரல்லர். 2017 பெப்ரவரி 20ஆம் நாள், கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டத்தைத் தொடங்கினர். அதன் பின்னர் ஒருநாள் அப்பாச்சியும் அங்கு சென்று அமர்ந்தார். வெளிநாட்டுப் பத்திரிகையாளர் ஒருவர் ஏதோ வினவ, உடன்வந்தவர், "அம்மா, மகன் பெடியளில ஒராளோ?" என மொழிபெயர்த்தார்.

"ஓம் தம்பி, என்ர பொடியன்தான்" என்றார் அப்பாச்சி.

உடன்வந்தவர் 'ஆம்' என்று மட்டும் கூறினார். பத்திரிகையாளர் குறித்துக்கொண்டார். பிழை எனக்கு விளங்கியது. 13 வயதுச் சிறுவனாகிய நான் வாய்திறக்கவில்லை.

அகராதி 'சிறுவன்' என்கிறது. பத்திரிகை 'போராளி' என்றது. அப்பாச்சி கூறியதோ 'என் பிள்ளை' என்பதே. சித்தப்பா இன்றிருந்தால் முப்பதைக் கடந்திருப்பார். அப்பாச்சிக்கு அவர் இன்றும் பொடியன்தான்.

அன்று நான் சொல்லாது விட்ட திருத்தமே இக்கட்டுரை.