பட்டாணி சைஸ் தூசி!

ஒரே ஒரு தூசிகிட்ட தோத்துப்போன இன்ஜினீயரிங் மாணவனைப் பார்த்திருக்கீங்களா? அடியேன்தான்!

என் தாத்தா பெரம்பூர் ஐ.சி.எஃப்-ல பெயின்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். 1955-ல் ஆரம்பிச்ச அந்தப் பழைய டிசைன் பெட்டி தயாரிப்பு 2018-ல் அங்கே நின்னுபோச்சு. 'நான் பெயின்ட் அடிச்ச பெட்டி இனிமே வராதுடா' என்று அவர் புலம்ப, 'நான் செஞ்சு தர்றேன் தாத்தா'னு சீன் போட்டேன். பிளாஸ்டிக் ஷீட், 1:87 அளவு, சுமார் 24 செ.மீ. நீளம். கதவுக் கைப்பிடிக்கு மெல்லிய செம்புக் கம்பி. கருஞ்சிவப்பு பெயின்ட் அடிச்சுப் பெருமையா நீட்டினேன்.

தாத்தாவுக்கு இப்போ பார்வை மங்கல். விரலால கூரையைத் தடவினார். ஓரிடத்தில் விரல் நின்றது. 'தூசி மேல அடிச்சிட்டியேடா!'

செம பல்பு! கணக்குப் போட்டுப் பாருங்க. 0.1 மி.மீ. தூசியை 87-ஆல் பெருக்கினா 8.7 மி.மீ. நிஜப் பெட்டி மேல பட்டாணி சைஸ் கட்டி! மேலே வார்னிஷ் அடிச்சாலும் மறையாது, இன்னும் பளிச்சுனு தெரியும்.

பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு எடுத்தேன். காய்ஞ்ச துணியால துடைச்சேன். ரெண்டு கைப்பிடி துணியோட வந்துடுச்சு! துடைக்கத் துடைக்க தூசி வேற திரும்ப ஒட்டுது. பிளாஸ்டிக்கைத் தேய்ச்சா நிலைமின்சாரம் வரும்னு பரீட்சையில எழுதினவன்தான் நான்!

அப்புறம் தாத்தாவே வாத்தியார். சக்கரப் பகுதியைக் கழற்றணும். வெதுவெதுப்பான தண்ணியில ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு. மென்மையான பிரஷ்ஷால மூலை முடுக்கு, கம்பி இடுக்கெல்லாம் மெதுவா வருடணும். நல்ல தண்ணியில அலசணும். துடைக்கவே கூடாது. கவிழ்த்த டப்பாவுக்கு அடியில, காத்துப் போக ரெண்டு தீக்குச்சி இடைவெளி விட்டு, ராத்திரி முழுக்கக் காயணும். அதுக்கப்புறம் வெறும் விரல் படக் கூடாது. விரல் எண்ணெய் ஒட்டின இடத்துல பெயின்ட் பிடிக்காது.

மறுநாள் மாடி ரூம் தரையில தண்ணி தெளிச்சு, ஃபேனை நிறுத்தி, 'பத்து நிமிஷம் சும்மா உட்காரு. காத்துல இருக்கிற தூசி படியட்டும்' என்றார். செல்போன்கூட இல்லாம உட்கார்ந்தேன் பாஸ்! அப்புறம்தான் பெயின்ட்.

காய்ந்ததும் மறுபடி அதே விரல். கூரையில் ஊர்ந்து, பக்கவாட்டில் இறங்கி... நின்றது. எனக்கு மூச்சே நின்னுபோச்சு.

'கைப்பிடி ஒண்ணு கோணலா இருக்குடா.'

'தூசி, தாத்தா?'

'அது எங்கேடா இருக்கு?'

இப்போ பெட்டி அவர் கட்டில் பக்கத்து அலமாரியில நிக்குது. தினமும் காலையில அதுக்கு பிரஷ்ஷால தூசி தட்டுறது யாருன்னு நினைக்கறீங்க? என்னைத் தொடவே விடறதில்லை!